பத்தாயிரம் ரூபாய்க்குள் கிட்டார் ஆம்ப்: கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, வாங்க 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். தினமும் மாலை வீட்டில் பயிற்சி செய்கிறார். கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து கல்யாண வீடுகளிலும் பண்டிகைகளிலும் வாசிக்கிறார். கடையில் கேட்டால் "10, 20 வாட்ஸெல்லாம் கூட்டத்துக்குக் கேட்காது, 60 வாட்ஸாவது எடுங்க" என்கிறார்களாம். அந்தப் பணத்துக்கு 60 வாட்ஸ் என்று கிடைப்பது பெயர் தெரியாத ஒரு பெரிய பெட்டி. நல்ல கம்பெனி ஆம்ப் வேண்டுமென்றால் 10 வாட்ஸ்தான் வருகிறது. எதை வாங்குவது என்பது கேள்வி.

தம்பி, 10 வாட்ஸை வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் நின்றபோது இதைச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

நான் குன்னூரில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கிட்டார் வாசித்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்தவர்களின் ஆம்ப்கள் ரிப்பேருக்கு என் மேசைக்கு வரும். 1998-ல் முதல் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய், முகப்பில் 200 வாட்ஸ் என்று எழுதியிருந்த ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். பஸ் மேலே ஏற்றி, பர்லியாறு வளைவு முழுக்க அது உருண்டுவிடுமோ என்று பயந்துகொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. வீட்டில் போட்டபோது இடிமாதிரி இருந்தது. முதல் நிகழ்ச்சியில் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் என் கிட்டார் எங்கே போனதென்றே தெரியவில்லை. வால்யூமைக் கூட்டினால் கரகரவென்று உடைந்தது. தெளிவு வரவே இல்லை. அதே வருடம் வெலிங்டனில் ஒரு வரவேற்பு. எங்களோடு வாசிக்க வந்த பெரியவர் ஒருவர் முழங்கால் உயரம்கூட இல்லாத 10 வாட்ஸ் ஆம்பை ஒரு நாற்காலியில் வைத்து, பாட்டுக்காரரின் மைக் ஒன்றை அதன் முன்னால் நிறுத்தினார். அன்று மண்டபத்தின் கடைசி வரிசை வரை ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. நான் என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த 200 எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தியை ஆர்எம்எஸ் வாட்ஸ் என்பார்கள். பிஎம்பிஓ என்று இன்னொரு கணக்கு உண்டு. கண்சிமிட்டும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சத்தை, அதுவும் தாராளமாகக் கூட்டிச் சொல்வது அது. இரண்டுக்கும் நிலையான விகிதம் எதுவும் கிடையாது. எழுத்தை நம்பாமல் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று பின்னால் போட்டிருக்கும், அல்லது ஃப்யூஸ் அளவாவது இருக்கும். கால் ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 230 வோல்ட்டில் அந்தப் பெட்டி தொடர்ந்து இழுக்கக்கூடியது சுமார் 58 வாட்ஸ். அதில் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். உள்ளே போகாத சக்தி வெளியே வராது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பெட்டிகளைக் கடையிலேயே ஒதுக்கிவிடலாம்.

சரி, 60 வாட்ஸ் என்பது உண்மையிலேயே 60 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 வாட்ஸைவிட ஆறு மடங்கு சத்தம் வராது. நம் காது அப்படிக் கேட்பதில்லை. சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுபோல இருக்கும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அதாவது 10 வாட்ஸுக்கு இரட்டிப்பாகக் காதில் விழுவது 20 அல்ல, 100.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத இன்னொரு பாதி ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு குணம். நல்ல கிட்டார் ஸ்பீக்கர்கள் 97, 98, சில 100 வரைகூடப் போகும். மலிவான பெட்டிகளில் போடும் ஸ்பீக்கர் 90 இருந்தால் பெரிது. இப்போது கூட்டிப் பாருங்கள்: 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் கொடுத்தால் 107. 90 டெசிபல் ஸ்பீக்கரில் அதே 107 வரவேண்டுமென்றால் 50 வாட்ஸ் கொடுக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் சொன்ன 60 வாட்ஸுக்கும் கம்பெனி 10 வாட்ஸுக்கும் நடுவில் இருப்பதாக நீங்கள் நினைத்த பெரிய இடைவெளி இப்படியே கரைந்துவிடும்.

ஸ்பீக்கரைப் பற்றி இன்னும் சொல்ல ஆசை, ஏனென்றால் கிட்டாரின் குரல் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. கிட்டாரின் கனமான ஈ தந்தி திறந்த நிலையில் சுமார் 82 ஹெர்ட்ஸ். 6 அங்குல ஸ்பீக்கர் அந்த அடிச்சுருதியை முழுதாகத் தராது. அதன் மேலடுக்குச் சுருதிகளைத்தான் தரும், மீதியைக் காதே நிரப்பிக்கொள்ளும். 8 அங்குலம் வந்ததும் கார்டுக்கு (பல தந்திகளைச் சேர்த்து அடிப்பது) உடம்பு வந்துவிடும். 10, 12 அங்குலம் என்றால் மெதுவாக வாசித்தாலும் நெஞ்சில் படும். அதனால் ஒரே விலையில் இரண்டு ஆம்ப் இருந்தால் வாட்ஸ் அதிகமானதைவிட ஸ்பீக்கர் பெரியதை எடுங்கள். மேல் பக்கமும் பார்க்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அது குறையல்ல, தேவை. டிஸ்டார்ஷன் (தொனியை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்குவது) போட்டால் வரும் கூரான சீறலை அந்த இறக்கம்தான் வடிகட்டுகிறது. மைக்கும் கீபோர்டும் கிட்டாரும் எல்லாம் சேர்த்துப் போடலாம் என்று விற்கும் பெட்டிகளில் ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர், இருக்கும். பாட்டுக்கும் அகௌஸ்டிக் கிட்டாருக்கும் அது நல்லது. எலக்ட்ரிக் கிட்டாரை அதில் டிஸ்டார்ஷனோடு போட்டால் தகர டப்பாவுக்குள் குளவி அடைபட்டமாதிரி கேட்கும்.

கூட்டத்துக்கு வருவோம். தம்பி, கல்யாண மண்டபத்தை ஒரு ஆம்பால் நிரப்ப வேண்டிய வேலை உங்களுடையது அல்ல. அதற்கு மைக்செட்காரர் இருக்கிறார். பாட்டுக்காரருக்கும் ரிதம் பேடுக்கும் கீபோர்டுக்கும் அவர்தான் சத்தம் கொடுக்கிறார். உங்கள் ஆம்பின் வேலை இரண்டு: நல்ல தொனியை உண்டாக்குவது, அதை உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்க வைப்பது. ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்து லேசாகப் பின்னால் சாய்த்துவிடுங்கள். தரையில் இருந்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். பிறகு ஒரு சாதாரண டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில் நிறுத்துங்கள். 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கைத்தான் உலகம் முழுக்க இதற்கு வைக்கிறார்கள். பாட்டுக்காரர் பிடிக்கும் மைக்கே போதும். ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக வைத்தால் கூராகக் கேட்கும். ஓரத்துக்குப் போகப் போக மிருதுவாகும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் தொடங்கி, ஒருவரை மண்டபத்தின் பின்னால் நிற்க வைத்து அரை அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். ஆம்பின் எல்லா குமிழ்களையும்விட அந்த அரை அங்குலம் அதிகம் மாற்றும்.

நம் ஊர் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். படுகப் பாட்டின் அந்த ஆறு-எட்டு நடையில் கிட்டாரின் வேலை பெரும்பாலும் வெட்டி வெட்டிப் போகும் ரிதம். அதற்குத் தெளிந்த தொனி வேண்டும், டிஸ்டார்ஷன் வேண்டாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸும் (அடி ஒலி) ட்ரெபிளும் (உச்ச ஒலி) ஏற்றி, நடுவைக் குறைத்தால் காதுக்கு இனிமையாக இருக்கும். குழுவில் அதே அமைப்பு காணாமல் போகும், ஏனென்றால் அடிப்பக்கத்தைக் கீபோர்டும் பேடும் எடுத்துக்கொள்கின்றன, உச்சியைச் சிம்பல் எடுத்துக்கொள்கிறது. கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். மிட் குமிழ் இருந்தால் ஏற்றுங்கள். சின்ன ஆம்ப்கள் பலவற்றில் அது தனியாக இருக்காது. அப்போது பேஸை நன்றாகக் குறையுங்கள், நடு தானாக முன்னுக்கு வரும். என் முதல் பெட்டியில் நான் பேஸைப் பத்தில் வைத்திருந்தேன்.

சிலர் உங்களிடம் மைக்செட்டில் நேராகச் சொருகிவிடலாம், ஆம்பே வேண்டாம் என்பார்கள். அகுஜா ஆம்ப்ளிஃபயரிலோ மிக்ஸரிலோ சொருகினால் சத்தம் வரும், உயிர் வராது. தந்தியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் கிட்டாரின் பிக்கப் மென்மையான சங்கதி. அதிலிருந்து சிக்னலை இழுக்கும் பக்கம் சுமார் 10 லட்சம் ஓம் தடையோடு, அதாவது ஒரு மெகா ஓம், மெதுவாக இழுக்க வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் சில ஆயிரம், பத்தாயிரம் ஓம்தான். அது பிக்கப்பை அமுக்கிவிடும், ட்ரெபிள் போய்க் கம்பளிக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கும். நடுவில் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்று வைத்தால் அந்தக் குறை தீரும். ஆனால் நான் மேலே சொன்ன ஸ்பீக்கரின் வடிகட்டல் அப்போதும் கிடைக்காது.

ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீடியோக்களில் பார்த்து மனம் போகும், எனக்கும் போகிறது. வால்வின் தொனி அழகுதான். இந்தப் பட்ஜெட்டில் அதன் பக்கம் போக வேண்டாம். வால்வுகள் தேயும், மாற்றச் செலவு உண்டு. ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) தங்கியிருக்கும், தெரியாதவர்கள் திறக்கக் கூடாது. ட்ரான்சிஸ்டர் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் ரோலண்ட் ஜேசி-120 பெயரைச் சொல்லுங்கள். 1975-ல் வந்த முழு ட்ரான்சிஸ்டர் ஆம்ப் அது; தெளிந்த தொனிக்கு இன்றும் அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள், இன்றும் தயாரிக்கிறார்கள். கை சுருங்கியவர்கள் செய்த வேலையை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்கள் யானை விலை. ஜிம் மார்ஷல் என்ற ட்ரம்ஸ் கடைக்காரரும் அவர் கடை ஆட்களும் ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்பைத் திறந்து பார்த்து, தங்களுக்குக் கிடைத்த பாகங்களை வைத்து அதைப்போல ஒன்றைக் கட்டினார்கள். மார்ஷல் ஆம்பின் கதை அங்கே தொடங்குகிறது.

பெயர்களுக்கு வருகிறேன். உங்கள் தொகையில் புதிதாகப் பார்க்க வேண்டியவை ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி, வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10, மார்ஷல் எம்ஜி வரிசையின் சின்னவை. முதல் இரண்டும் 10 வாட்ஸ், 6 அல்லது 6.5 அங்குல ஸ்பீக்கர். ஃபெண்டர் தெளிந்த தொனிக்கு எனக்குப் பிடிக்கும். அதன் டிஸ்டார்ஷன் சுமார்தான். பாத்ஃபைண்டரில் கெயின் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் லேசாக உடையும் தொனி இதமாக வரும். இந்த இரண்டில் நான் அதைத்தான் எடுப்பேன். எம்ஜி15 கிடைத்து, விலை எட்டினால் 8 அங்குல ஸ்பீக்கர் என்ற ஒரு காரணத்துக்காகவே அதையும் கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஹெட்போன் வழி உண்டு. மழை தகரக் கூரையில் விழும்போதும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அது உங்களைக் காப்பாற்றும்.

பேட்டரியில் ஓடுபவை தனி வகை. ரோலண்ட் மைக்ரோ கியூப் 5 அங்குல ஸ்பீக்கரோடு ஆறு பென்சில் செல்லில் ஓடும். பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 இன்னும் சின்னது, 3 வாட்ஸ், 3 அங்குலம். மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊரில் இருப்பவருக்கு இவை பெரிய துணை. மைக்ரோ கியூபின் முன்னால் மைக் வைத்து எங்கள் சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முழுக்க வாசித்திருக்கிறேன். அது பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஃப்ளையைப் பயிற்சிக்கு மட்டும் சொல்வேன்.

போஸ் (BOSS) கட்டானா 50 என்ற ஆம்ப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், சொல்வதும் நியாயம்தான். 12 அங்குல ஸ்பீக்கர்; அரை வாட்டுக்கு இறக்கி வீட்டில் வாசிக்கலாம், 50-க்கு ஏற்றி ட்ரம்ஸோடு நிற்கலாம். ஆனால் புதியது உங்கள் தொகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல், எடையும் பத்துக் கிலோவைத் தாண்டும். கடன் வாங்கி அதற்குப் போக வேண்டாம். இப்போது வாங்குவதை வைத்து நான்கு கல்யாணம் வாசியுங்கள், பிறகு பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போகிற வழியில் அது ஒரு சுமைதான், பரவாயில்லை. கடையில் விலை உயர்ந்த கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள்; அதில் எந்த ஆம்பும் நன்றாகக் கேட்கும். எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள், எஃபெக்ட் எதுவும் வேண்டாம், டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் சேனல். ஈ தந்தியைத் திறந்து அடித்து, அது அடங்கும் வரை கேளுங்கள். பிறகு ஆறு தந்தியும் சேர்ந்த ஒரு ஜி கார்டை அழுத்தி அடியுங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி மறுபடி அதே கார்டு. கார்டு கட்டிக்குழம்பாகிறதா, ஒவ்வொரு தந்தியும் பிரிந்து கேட்கிறதா? நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். பெயரைப் பார்க்காமல் கேட்டால்தான் காது உண்மை சொல்லும். கடைக்காரருக்குப் பொறுமை இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள், பணம் உங்களுடையது.

பழையது வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். என் மேசையில் இப்போது இருக்கும் இரண்டுமே பழையதாக வந்தவை. 8 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரோடு 20, 40 வாட்ஸ் கம்பெனி ஆம்ப் உங்கள் தொகைக்குக் கிடைத்தால் அது புதிய 10 வாட்ஸைவிட மேல். வருடங்கள் கழித்து விற்கவும் செய்யலாம். ஆனால் கையில் கிட்டாரும் கேபிளும் இல்லாமல், போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. முதலில் பின்பக்கம் வோல்ட்டேஜ். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்தது 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட். நம் 230-ல் சொருகினால் அந்த நிமிடமே புகை. அடுத்தது, எதையும் சொருகாமல் ஆன் செய்து வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் காதைப் பக்கத்தில் கொண்டு போங்கள். லேசான இரைச்சல் இருக்கும், அது இயல்பு. கனமான 'ம்ம்ம்' என்ற முனகல் இருந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். முனகல் அந்தச் சுருதிக்கு மிகச் சற்று மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டை நேராக்கும்போது மிஞ்சுவது. வடிகட்டும் கபாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். மாற்றக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். கிட்டாரைச் சொருகிய பிறகுதான் முனகல் வருகிறது, தந்தியைத் தொட்டால் குறைகிறது என்றால் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. கேபிளும் எர்த்தும் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப்பும்தான் காரணம்.

குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஜாக் ஆடினால் சால்டரிங் வேலை. ஸ்பீக்கர்தான் முக்கியம்: துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பேப்பரில் கிழிசல் இருக்கிறதா பாருங்கள், பின்பக்கம் திறந்த பெட்டியானால் கோனை (அந்தப் பேப்பர் கூம்பை) இரண்டு கை விரல்களாலும் இரு பக்கமும் சமமாக, மிக மெதுவாக அழுத்திவிடுங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் நகர்ந்திருக்கிறது. அந்த ஆம்பை விட்டுவிடலாம்.

மலைக்கென்று சில விஷயங்கள் உண்டு. சமவெளியில் எழுதுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நம் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சுவரில் ஓதம் ஏறும். சின்ன ஆம்ப்களின் பெட்டி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தரையில், கல் சுவரை ஒட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஊதிவிடும். ஸ்பீக்கர் பேப்பரில் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கில் பச்சை ஏறும். எனக்கு ஒரு ஸ்பீக்கர் அப்படியே போனது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஸ்டூல் மேல் வையுங்கள். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும்; பருத்தித் துணி போர்த்தினால் போதும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து தினமும் அரைமணி நேரம் அதை ஓட்டுவது. உள்ளே வரும் சின்னச் சூடே ஈரத்தை விரட்டும்.

உறைபனிக் காலத்தில் இன்னொரு ஆபத்து. ஹெத்தையம்மன் பண்டிகை சமயம், அதிகாலைக் குளிரில் ஜீப்பின் பின்னால் கிடந்த ஆம்பை ஆட்கள் நிறைந்த சூடான அறைக்குள் கொண்டு வந்தால், குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல உள்ளே எல்லாம் நீர் படியும். உடனே ஆன் செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் விட்டு, கையை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி போன பிறகு போடுங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எர்த். பழைய வீடுகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் மூன்று துளை பிளக் இருக்கும், பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மண்டபங்களில் ஜெனரேட்டரிலிருந்து இழுத்த வயரில் இரண்டு பின்தான். உங்கள் கிட்டாரின் தந்திகள் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. கையில் தந்தியைப் பிடித்துக்கொண்டு வேறு லைனில் ஓடும் மைக்கில் உதட்டை வைத்தால், இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லாவிட்டால் கரண்ட் உங்கள் வழியாகத்தான் போகும். 1972-ல் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் ஸ்வான்ஸீ நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, கரண்ட் அடித்து இறந்தார். 1976-ல் கீத் ரெல்ஃப் என்ற பாடகர் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது கரண்ட் அடித்து இறந்தார். டெஸ்டர் ஒன்று கிட்டார் பையில் எப்போதும் இருக்கட்டும். ஆம்பை ஆன் செய்ததும் தந்தியில் வைத்துப் பாருங்கள், பிறகு மைக்கின் வலையில். எதில் எரிந்தாலும், மைக்செட்காரர் என்ன சொன்னாலும், சரியாகும் வரை வாசிக்காதீர்கள். முனகல் குறைகிறது என்று யாராவது பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஆம்ப் பரபரவென்று இரைந்தால் அது ஆம்பின் கோளாறு அல்ல. மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலையில் மேலடுக்குகள் அதிகம், அவை ஆம்புக்குள் நுழைகின்றன. சைன்வேவ் இன்வெர்ட்டரில் அது இருக்காது. இடி மின்னல் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், 10,000 முழுவதையும் ஆம்புக்குக் கொடுக்காதீர்கள். 8,500-க்குள் ஆம்பை முடித்துக்கொண்டு, மீதியில் மூன்று மீட்டர் நல்ல ஷீல்டு கேபிள் ஒன்று, எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு, டெஸ்டர் வாங்குங்கள். பத்து மீட்டர் கேபிள் வேண்டாம். நீளம் கூடக் கூட ட்ரெபிள் குறையும். ஆம்போடு இலவசமாகத் தரும் கேபிளை நம்பி மேடைக்குப் போகாதீர்கள், பாதிப் பாட்டில் அறுந்துபோவது பெரும்பாலும் அதுதான்.

வாங்குவதற்கு முன்பே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பயிற்சி செய்யும் அறையில் ஆம்ப் சொருகப்போகும் பிளக் பாயின்ட்டை ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டி, எர்த் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். அதற்காக ஆம்ப் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் போகட்டும்.